வால்பாறையில் இருந்துகொண்டு டிரையர் டைமர் தேடியது

வால்பாறைப் பக்கம் ஜூன் மாதம் மழை பிடித்தால் செப்டம்பர் வரைக்கும் துணி காயாது. சின்னக்கல்லாறு மழையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்குள் கொடி கட்டிப் போட்டாலும் மூன்றாம் நாள் புழுங்கல் வாடைதான் வரும். அதனால் எங்கள் எஸ்டேட் பக்கம் வாஷிங் மெஷின் வாங்குகிற பல வீடுகளில் துவைக்கிற தொட்டியைவிட பக்கத்துத் தொட்டிக்குத்தான் மதிப்பு அதிகம். துணியைக் கையால் துவைத்துவிட்டு டிரையரில் மட்டும் போட்டு எடுப்பார்கள். தண்ணீரைச் சுற்றி உதறி எடுத்துவிட்டால் மறுநாள் காலை பிள்ளைகளுக்குச் சீருடை போட்டு அனுப்பலாம். மழைக்காலத்தில் டிரையர் நின்றால் வீடே நின்ற மாதிரி.

எங்கள் வீட்டில் இருப்பது இரண்டு தொட்டி வைத்த செமி ஆட்டோமேட்டிக். கம்பெனி அந்த மாடலை நிறுத்திவிட்டது. சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டால் முதலில் மாடல் நம்பர் கேட்பார்கள், அப்புறம் ஊர் பெயர் கேட்பார்கள். வால்பாறை என்றதும் குரல் மாறும். பொள்ளாச்சியிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர், ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவு. ஒரே ஒரு மெஷினுக்காக ஆள் அனுப்ப மாட்டார்கள், நாலைந்து புகார் சேரட்டும் என்பார்கள். கடைசியில், "அந்த மாடலுக்கு ஸ்பேர் வர்றதில்லைங்க மேடம், எக்சேஞ்சில் புதுசு எடுத்துக்கோங்க" என்பதுதான் பதில். நல்ல நிலையில் ஓடுகிற மோட்டாரையும் தொட்டியையும் ஒரு சின்னப் பொருளுக்காகத் தூக்கி எறிய எனக்கு மனம் வரவில்லை.

முதலில் போனது கெபாசிட்டர். எங்கள் ஊரில் கண்டென்சர் என்றால்தான் புரியும். டிரையரைத் திருகினால் "ம்ம்ம்" என்று முனகும், சுற்றாது. மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தொட்டியைக் கையால் சுற்றினால் தடையில்லாமல் சுற்றுகிறது. அப்படியென்றால் மோட்டாருக்குக் கிளம்புகிற உந்துதல் கிடைக்கவில்லை என்று சொன்னவர் எங்கள் தேயிலை பேக்டரியில் பிட்டராக, அதாவது மெஷின்களைப் பழுது பார்க்கிறவராக இருக்கிற அண்ணன். இந்தக் கதையில் எனக்குக் கிடைத்த பெரிய பலம் அவர்தான். மலைமேல் இருக்கிற பேக்டரி ஒரு பேரிங்குக்காக நிற்க முடியாது, கொழுந்து வாடிப்போகும். அதனால் அவர்களுக்கு எந்தப் பொருளையும் அதன் நம்பராலும் அளவாலும் நினைவில் வைக்கிற பழக்கம். "மெஷின் பேரை மறந்துடும்மா. உள்ளே இருக்கிற பொருளுக்கு என்ன பேருன்னு பார்" என்றார்.

பின்பக்க மூடியைக் கழற்றினோம். பிளக்கைப் பிடுங்கியிருந்தாலும் கெபாசிட்டருக்குள் மின்சாரம் தங்கியிருக்கும், அதனால் ஹோல்டரில் போட்ட ஒரு குண்டு பல்பின் இரண்டு வயரை அதன் முனைகளில் வைத்து இறக்கினார். இதைச் செய்யாமல் யாரும் கையை விட வேண்டாம். கெபாசிட்டரின் மேல் 10+5 மைக்ரோபாரட் (கெபாசிட்டரை அளக்கிற அலகு), 440 வோல்ட் என்று எழுதியிருந்தது. ஒரே டப்பாவுக்குள் இரண்டு: 10 துவைக்கிற மோட்டாருக்கு, 5 டிரையர் மோட்டாருக்கு. மல்டிமீட்டரில் பார்த்தால் பத்து சரியாக இருக்கிறது, ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுகூட இல்லை.

இந்த இரட்டை கெபாசிட்டர் வால்பாறைக் கடைகளில் இல்லை. ஆனால் சீலிங் பேனுக்குப் போடுகிற 2.5 மைக்ரோபாரட் கெபாசிட்டர் இல்லாத எலக்ட்ரிகல் கடை தமிழ்நாட்டில் கிடையாது. அதில் இரண்டை வாங்கி இணையாக, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கோர்த்தால் 2.5-ம் 2.5-ம் சேர்ந்து 5. வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்தால் ஒன்றின் அளவிலும் பாதியாகக் குறைந்துவிடும், அதனால் இணையாகத்தான் கோர்க்க வேண்டும். வோல்ட் அளவு 440-க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்; கூட இருந்தால் பரவாயில்லை. பழைய டப்பாவின் பத்தை அப்படியே விட்டுவிட்டு, ஐந்துக்குப் போகிற வயரை மட்டும் எடுத்து புதியதில் கொடுத்தார் அண்ணன். பழைய வேகத்தில் சுற்றியது. புது மெஷின் எடுக்கச் சொன்ன பழுது, பஜாரில் எந்தக் கடையிலும் தொங்குகிற பொருளால் சரியாயிற்று.

நடுவில் டிரையர் அடியிலிருக்கும் ரப்பர் சீல் கிழிந்து தண்ணீர் மோட்டார் மேல் ஒழுக ஆரம்பித்தது. அது அதிகம் அலைக்கழிக்கவில்லை. தண்டின் விட்டம், சீலின் வெளிவிட்டம், உயரம் மூன்றையும் வெர்னியரில் அளந்து எழுதிக் கொடுத்துப் பொள்ளாச்சி போன பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டேன், வந்துவிட்டது.

உண்மையில் அலைய வைத்தது டைமர்தான்.

டிரையர் டைமர் என்பது உள்ளே ஸ்பிரிங்கும் பல்சக்கரமும் வைத்த கடிகாரம் மாதிரி. எலக்ட்ரானிக்ஸ் எதுவும் கிடையாது. குமிழைத் திருகினால் ஸ்பிரிங் முறுக்கேறும், உள்ளே ஒரு தொடுப்பு மூடிக்கொண்டு மோட்டாருக்கு மின்சாரம் போகும், ஐந்து நிமிடத்தில் அவிழ்ந்து தானே நிற்கும். எங்களுடையதில் ஸ்பிரிங் அறுந்துவிட்டது. திருகினால் டிக் டிக் சத்தமே இல்லாமல் குமிழ் தொளதொளவென்று கிடக்கும். வயரைக் கழற்றி மல்டிமீட்டரை, இணைப்பு இருந்தால் சத்தம் கொடுக்கிற நிலையில் வைத்துப் பார்த்தோம், ஒரு பீப் கூட இல்லை.

தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்ன வைத்தியம் ஒன்றுதான்: "ரெண்டு வயரையும் சேர்த்து முறுக்கிடுங்க, பிளக்கில் போட்டு நிறுத்திக்கலாம்." நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த மோட்டார் விடாமல் ஓடுவதற்காகச் செய்ததில்லை. மறந்துவிட்டு அடுப்படிக்குப் போனால் சூடேறிவிடும். இப்படி ஒன்றை நேராகக் கொடுக்க ஆரம்பித்தால் அடுத்து மூடி சுவிட்சையும் நேராகக் கொடுப்பார்கள். மூடியைத் திறந்ததும் டிரையரை நிறுத்துகிற சுவிட்ச் அது. ஓடுகிற டிரையருக்குள் பிள்ளைகள் கையை விட்டால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

ஆன்லைனில் தேடினால் டைமர்கள் கிடைக்காமல் இல்லை. "எல்லா மாடலுக்கும் பொருந்தும்" என்று போட்டிருக்கும். சிலர் எங்கள் பின்கோடுக்கே அனுப்புவதில்லை. அனுப்புகிறவர்களின் கூரியர் வால்பாறை டவுனோடு நின்றுவிடும். அங்கிருந்து எஸ்டேட்டுக்கு நாம்தான் எடுத்து வர வேண்டும். பொருந்தாவிட்டால் திருப்பி எடுக்க ஆள் வராது. எனக்கு வந்த ஒன்றில் நிமிடமும் வயரும் சரியாக இருந்தன, ஆனால் திருகாணி ஓட்டைகளுக்கு நடுவில் இருக்கிற தூரம் பொருந்தவில்லை. பொள்ளாச்சிக் கடை ஒன்று, "எல்லாத்துக்கும் இதுதானுங்க போடறது" என்று பஸ்ஸில் கொடுத்தனுப்பியதில் ஓட்டை பொருந்தியது, தண்டு பொருந்தவில்லை. எங்கள் குமிழுக்கு ஒரு பக்கம் தட்டையாகச் சீவிய தண்டு வேண்டும், வந்ததில் சுற்றிலும் பல் வெட்டியிருந்தது. இதில் கடைக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கைக்கு எட்டாத பொருளை வெறும் பேச்சில் கேட்டு அவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

அண்ணனோடு உட்கார்ந்து ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதினோம். எத்தனை நிமிடம், எத்தனை வயர், ஒவ்வொரு வயரும் எங்கே போகிறது, தண்டின் விட்டம், தகட்டிலிருந்து தண்டு எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது, தட்டையான பகுதியின் நீளம், ஓட்டைக்கு ஓட்டை தூரம், எந்தப் பக்கம் திருக வேண்டும், மேலே அச்சடித்திருக்கிற ஆம்பியர், வோல்ட். அப்புறம் பழைய டைமரை வெள்ளைத் துணியில் வைத்து, பக்கத்தில் பிள்ளையின் ஸ்கேலையும் வைத்து, மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் தண்டின் முனையிலிருந்தும் போட்டோ எடுத்தேன். ஸ்கேல் இல்லாத போட்டோ பிரயோஜனமில்லை. திரையில் எல்லா டைமரும் ஒரே அளவாகத் தெரியும். எங்கள் வீட்டில் சிக்னல் அரைக்கம்பிதான், டவுனுக்குப் போகும்போதுதான் போட்டோ போகும்.

புதுச் சாமான் கடைகளை விட்டுவிட்டு, பழைய வாஷிங் மெஷின்களை வாங்கிப் பிரித்து விற்கிற பொள்ளாச்சிக் கடை ஒன்றுக்கு அனுப்பினேன். காயலான் கடைக்குப் போகிற மெஷின்களிலிருந்து நல்ல பாகங்களைக் கழற்றி வைத்திருப்பவர், வயதானவர். இத்தனை நாள் பேசிய எல்லோரும் முதலில் கம்பெனி பெயர் கேட்டார்கள். நான் கம்பெனி பெயரைச் சொல்ல ஆரம்பித்ததும் இவர் நிறுத்தினார்.

"அம்மணி, மெசின் பேரு எனக்கு வேண்டாம். தண்டு எத்தனை மில்லி? தட்டையா, பல்லா?"

"தட்டைங்க. ஆறு மில்லி."

"வெளிய எவ்வளவு நீட்டிட்டு இருக்குது?"

தாளைப் பார்த்துப் படித்தேன். "போட்டோ பார்த்துட்டுக் கூப்புடறேன்" என்று வைத்துவிட்டார்.

சாயங்காலம் அவரே கூப்பிட்டார். வேறு கம்பெனி மெஷினில் இருந்து கழற்றிய டைமர், அளவு எல்லாம் ஒத்துப்போகிறது என்றார். பல கம்பெனிகள் இந்த மாதிரிச் சாமான்களைத் தாங்களே செய்வதில்லை, வெளியில் செய்வதை வாங்கிப் போடுவதுதான். அதனால் ஒரு பேர் ஒட்டிய மெஷினின் உயிர் இன்னொரு பேர் ஒட்டிய மெஷினுக்குள் இருக்கும். அனுப்புமுன் போனை டைமர் பக்கத்தில் வைத்துத் திருகிக் காட்டச் சொன்னேன். டிக் டிக் கேட்டது. மீட்டரை வைத்து பீப் சத்தத்தையும் கேட்க வைத்தார். பணத்தைப் போனிலேயே அனுப்பினேன், கூரியர் செலவைவிட டைமர் விலை கொஞ்சம்தான் கூட.

வால்பாறை பஸ் டிரைவரிடம் கொடுத்துவிட்டு, பஸ் நம்பரையும் கிளம்பிய நேரத்தையும் சொல்லிவிட்டார். மலைமேல் இருப்பவர்களுக்கு இது பழைய வழக்கம். மாத்திரை, கண்ணாடி, டிராக்டர் சாமான் எல்லாம் இப்படித்தான் ஏறி வரும். அதில் ஒரு சௌகரியம், கூரியர் மாதிரி எங்கே இருக்கிறது என்று தேட வேண்டாம், பஸ் வரும்போது பஸ் ஸ்டாண்டில் நின்றால் போதும். அவசரமில்லாத பொருளுக்கு ஸ்பீட் போஸ்ட்தான் என் முதல் தேர்வு, அது எஸ்டேட் தபாலாபீஸ் வரைக்கும் வந்துவிடுகிறது.

பழைய டைமர் வயர்களை ஏற்கெனவே போட்டோ எடுத்து வைத்திருந்ததால் மாட்ட அதிக நேரம் ஆகவில்லை. முதலில் துணி போடாமல் ஓட்டினோம், ஐந்து நிமிடத்தில் தானாக நின்றது. மூடியைத் திறந்து பார்த்தோம், உடனே நின்றது. கையோடு எர்த் வயரையும் சோதித்தோம். ஈரச் சுவரும் ஈரத் தரையுமாக இருக்கிற எங்கள் மாதிரி வீடுகளில் மெஷினுக்கு நல்ல எர்த்தும், மெயின் போர்டில் மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்சும் இருந்தே ஆக வேண்டும்.

இப்போது எஸ்டேட் லைன் வீட்டுக்காரர்கள் ஏதாவது பழுதானால் பொருளைக் கழற்றிக்கொண்டே வருகிறார்கள். ஒருவர் ரைஸ் குக்கரின் தெர்மல் பியூஸ், அதாவது சூடு அதிகமானால் மின்சாரத்தைத் துண்டிக்கிற பியூஸ் கொண்டுவந்தார். மேலே எழுதியிருக்கிற டிகிரியும் ஆம்பியரும் அப்படியே கிடைக்க வேண்டும்; மாட்டும்போது ஈயம் வைத்துப் பற்றவைத்தால் அந்தச் சூட்டிலேயே போய்விடும், கிளிப் வைத்து நசுக்கித்தான் சேர்க்க வேண்டும். இன்னொருவரின் பம்ப் மோட்டாருக்கு 6203 பேரிங். மோட்டார் கம்பெனியைச் சொல்லி எங்கெங்கோ கேட்டு அலுத்திருந்தார். அந்த நாலு இலக்கத்தைச் சொன்னதும் பஜாரிலேயே கிடைத்தது. 17 மில்லி உள்விட்டம், 40 வெளிவிட்டம், எந்தக் கம்பெனி செய்தாலும் மாறாது.

எங்கள் டிரையரில் இப்போது பிரேக் கொஞ்சம் வழுக்குகிறது, மூடியைத் திறந்தபின்னும் தொட்டி நாலைந்து சுற்று சுற்றிவிட்டுத்தான் நிற்கிறது. பிரேக் கம்பியின் நீளம், இரண்டு முனைக் கொக்கியின் வடிவம், ஸ்பிரிங் அளவு எல்லாம் எழுதி, ஸ்கேலோடு போட்டோவும் எடுத்தாயிற்று. நாளைக்கு டவுனுக்குப் போகிறேன், பொள்ளாச்சிப் பெரியவருக்கு அனுப்ப வேண்டும்.