ஏஆர்-3ஏ: உப்புக் காற்றுக்குத் தப்பிய ஒரு ஜோடி

பிப்ரவரி 9, 2025, ஞாயிறு

புதுச்சேரி குருசுகுப்பத்தில் பெரியப்பா வீட்டு மாடியைக் காலி செய்கிறார்கள். பழைய போர்வைக்குக் கீழே இரண்டு வால்நட் பெட்டிகள். முகத்துணி பழுப்பேறியிருந்தாலும் பின்பக்க லேபிள் தெளிவாக இருந்தது: அக்கூஸ்டிக் ரிசர்ச், ஏஆர்-3ஏ. பழைய அமெரிக்க ஸ்பீக்கர் ஜோடி! நெஞ்சு ஒரு நிமிஷம் படபடத்துவிட்டது.

பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்தவர். பென்ஷனோடு ஊர் திரும்பியபோது கப்பலில் வந்த சாமான்களில் இவையும் இருந்தன. "பாடுமான்னு பாரு தம்பி. இல்லன்னா சண்டே மார்க்கெட்ல போட்டுடலாம்" என்றார். காந்தி வீதி நடைபாதையில் இவை கிடப்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஒவ்வொன்றும் 24 கிலோ. லோடு ஆட்டோ பிடித்து முத்தியால்பேட்டைக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

இரவு ஒரு பெட்டியைத் திறந்தேன். தாழ்ந்த ஒலியை, அதாவது பாஸை, எழுப்பும் 12 அங்குல ஊஃபரின் ஓரத்து ஃபோமில் விரல் பட்டதுமே பொடிந்து, ஈரமான கரும்பிசினாக ஒட்டிக்கொண்டது. எதிர்பார்த்ததுதான். பாலியூரித்தேன் ஃபோம் காற்றிலுள்ள ஈரத்தால் தானாகவே சிதையும். பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாலும், ஒரு நாள்கூடப் பாடாவிட்டாலும் சிதையும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த வீட்டில் அது மிஞ்சியிருந்தால்தான் ஆச்சரியம். கோனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கோனை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயிலும் மல்ட்டிமீட்டரில் ஒழுங்காகக் காட்டுகிறது. இவை இரண்டும் நன்றாக இருந்தால் போதும், ஊஃபர் பிழைத்துக்கொள்ளும்.

1954இல் எட்கர் வில்ச்சரும் அவரிடம் படித்த ஹென்றி க்ளாஸும் அமெரிக்காவில் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் தொடங்கிய கம்பெனி இந்த ஏஆர், அதாவது அக்கூஸ்டிக் ரிசர்ச். அந்தக் காலத்தில் ஆழமான பாஸ் வேண்டுமென்றால் பீரோ அளவுக்குப் பெட்டி வேண்டும். வில்ச்சர் கோனின் விளிம்பை நன்றாகத் தளர்த்தினார். அதைத் திரும்ப இழுக்கும் வேலையை, காற்றுப் புகாமல் மூடிய சின்னப் பெட்டிக்குள் இருக்கும் காற்றிடம் கொடுத்தார். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்திப் பார்த்தவர்களுக்கு அந்தக் காற்றின் விறைப்பு தெரியும். உலோகச் சுருளைவிடவும் துணி விளிம்பைவிடவும் காற்று சீராகத் தள்ளும், சீராக இழுக்கும். அதனால்தான் இந்தப் பாஸில் குழப்பமே இருக்காது. 3ஏ வந்தது 1967இல். ஆக, இந்தப் பெட்டியில் ஊசிமுனை ஓட்டைகூட இருக்கக் கூடாது. நான் பழுது பார்க்கப்போவது ஸ்பீக்கரை மட்டுமல்ல, அந்த அடைப்பையும்தான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

கையுறை போட்டுக்கொண்டு, பெட்டிக்குள் அடைத்திருந்த கண்ணாடி நார் முழுவதையும் வெளியே எடுத்தேன். அடியில் கிராஸ்ஓவர், ஒலியைத் தாழ்வு, நடு, உச்சம் என்று பிரித்து அந்தந்த ஸ்பீக்கருக்கு அனுப்பும் சுற்று. பின்சுவரில் நடு ஒலி தரும் மிட் ரேஞ்சுக்கு ஒன்றும் உச்ச ஒலி தரும் ட்வீட்டருக்கு ஒன்றுமாக இரண்டு லெவல் கண்ட்ரோல்கள். ஏஆர் ஸ்பீக்கர்கள் ஊமையாகிப் போவதற்குப் பெரும்பாலும் இவைதான் காரணம். கழற்றித் திறந்தால், சுற்றுக் கம்பியின்மேலும் அதன்மேல் நகரும் பித்தளை நாக்கின்மேலும் பச்சைக் களிம்பு அப்பிக் கிடக்கிறது. ஒரு பக்கத்தில் பழைய மெக்கானிக் ஒருவர் கண்ட்ரோலை விட்டுவிட்டு ஒயரை நேராக முறுக்கிச் சேர்த்திருந்தார். சத்தம் வந்திருக்கும். ஆனால் ட்வீட்டர் எப்போதும் உச்சத்திலேயே கத்தியிருக்கும்.

வினிகரில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, ஆல்கஹாலில் கழுவினேன். களிம்புக்கு அடியிலிருந்து பித்தளை மெல்ல மஞ்சளாக எழுந்தது. நாக்கு கம்பியைத் தொடும் இடத்தில் கடுகளவு பள்ளம். அந்த இடத்தைத் தவிர்க்க, நாக்கைத் துளி வளைத்துவிட்டேன். குமிழைத் திருப்பத் திருப்ப மீட்டர் முள் எங்கும் தாவாமல் சீராக நகர்ந்தது. அந்த முள்ளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

கண்டன்சர்களை மாற்றியாயிற்று. பெட்டிக்கு மூன்று: 6, 50, 150 மைக்ரோஃபாரட். பழையவற்றின் மைக்ரோஃபாரட் அளவு ஏறிப்போயிருந்தது. பெரிய இரண்டுக்கும் சென்னை ரிச்சி தெருவிலிருந்து நான்-போலார் வகை வாங்கினேன். சின்னதுக்கு ஃபிலிம் வகை.

நண்பர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "அந்தக் குட்டி ட்வீட்டரை எடுத்துட்டு நல்ல சில்க் டோமா போடுங்க அண்ணே, சும்மா அள்ளும்" என்றார். அன்பாகச் சொன்னார், இருந்தாலும் மறுத்துவிட்டேன். 575 ஹெர்ட்ஸில் ஊஃபர் மிட்டிடம் கைமாற்றுகிறது, 5,000இல் மிட் ட்வீட்டரிடம். இந்தக் காயில்களும் கண்டன்சர்களும் முக்கால் அங்குல டோமின் குணமறிந்து கணக்கிட்டவை. ஒன்றை மாற்றினால் அப்புறம் அது வேறு ஸ்பீக்கர். வேறு ஸ்பீக்கர் வேண்டுமென்றால் கடையில் வாங்கிக்கொள்ளலாமே.

மார்ச் 2, ஞாயிறு

புது ஃபோம் வளையம் தபாலில் வந்துவிட்டது. பழைய பிசினைச் சுரண்டுவதில்தான் பொறுமை வேண்டும். அவசரப்பட்டால் கோன் கிழியும். முதலில் வளையத்தைக் கோனோடு வெள்ளைப் பசையால் ஒட்டிக் காயவிட்டேன். பிறகு வெளி விளிம்பு. அப்போது 30 ஹெர்ட்ஸ் சத்தத்தை மெதுவாக ஓடவிட்டு, கோனின்மேல் காதை வைத்துக்கொண்டே வளையத்தை இம்மி இம்மியாக நகர்த்தவேண்டும். காயில் காந்தத்தில் உரசினால் மெல்லிய 'சர்ர்' கேட்கும். அது மறையும் இடம்தான் நடு. அங்கே பிடித்து துணிக் கிளிப்புகளை மாட்டிவிட்டேன்.

மாலையில் புது அடைப்பு மெழுகு வைத்து ஊஃபரை முடுக்கினேன். கோனை விரல்களால் மெல்ல உள்ளே அழுத்தி விட்டால், பட்டென்று துள்ளாமல் நிதானமாகத் திரும்பி வந்தது. அடைப்பு சரி.

மார்ச் 12, புதன்

மாசி மகம். வைத்திக்குப்பம் கடற்கரையில் கால் வைக்க இடமில்லை. மயிலம் முருகனும் தீவனூர் விநாயகரும் மற்ற ஊர்ச் சாமிகளும் தீர்த்தவாரிக்கு வந்திருந்தார்கள். கையடக்க ரெக்கார்டரோடு ஒரு மேளக்காரக் குழுவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். தவிலின் ஒரு பக்கத்தில் விரல் கூடுகள் பொரிந்து தள்ளுகின்றன. மறுபக்கத்தில் குச்சி விழும்போது வயிற்றுக்குள் இறங்குகிறது. வேறு வேலையை மறந்து கேட்டேன்.

வீடு திரும்பியதும் அதையே ஸ்பீக்கரில் போட்டேன். 3ஏயின் மின்தடை நாலு ஓம். எட்டு ஓமுக்கு மட்டும் செய்த பழைய ஆம்ப்ளிஃபயரை இதில் மாட்டினால் சூடேறிவிடும். நாலு ஓமைத் தாங்கும் நூறு வாட் ஆம்ப்பைத்தான் மாட்டியிருக்கிறேன்.

கடற்கரையின் அகலமும் ஜனத்தின் நெரிசலும் அறைக்குள் வராதுதான். ஆனால் அந்தக் குச்சி அடி அப்படியே வந்தது! தோல் அதிர்வதும் தெரிகிறது, உடனே அடங்குவதும் தெரிகிறது. அடிக்கும் அடிக்கும் நடுவே உண்மையான மௌனம் இருக்கிறது. இப்போது வீடுதோறும் இருக்கும் சப்-ஊஃபர்களில் எல்லா அடியும் ஒரே 'தும்'தான்; தவிலா, மிருதங்கத்தின் தொப்பியா, கிட்டாரா என்று பிரித்தறிய முடியாது. நாதசுரமும் காதைக் குத்தாமல், அதே சமயம் கூர் மழுங்காமல் நின்றது.

ஏஆர் கம்பெனி அந்தக் காலத்திலேயே இதைச் செய்து காட்டியது. ஃபைன் ஆர்ட்ஸ் குவார்ட்டட் என்ற நால்வர் தந்தி வாத்தியக் குழுவை மேடையில் உட்காரவைத்து, நேரடி வாசிப்புக்கும் ஒலிப்பதிவுக்குமாக மாற்றி மாற்றிப் போவார்கள். எது எப்போது மாறியது என்று பலரால் சொல்ல முடியவில்லை. ஸ்பீக்கருக்கென்று சொந்தக் குரல் இருக்கக் கூடாது என்பதுதான் வில்ச்சரின் பிடிவாதம். அதை இன்றைக்கு என் காதாலேயே ஒத்துக்கொண்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

பெரியப்பா வீட்டுக் கூடத்தில் கொண்டுபோய் வைத்தாயிற்று. உயரமான மெட்ராஸ் ஒட்டுக் கூரை, வழவழப்பான சுண்ணாம்புச் சுவர், அதனால் மேல்ஸ்தாயி எதிரொலிக்கிறது. ட்வீட்டர் கண்ட்ரோலை, இயல்பு நிலையைக் குறிக்கும் வெள்ளைப் புள்ளியிலிருந்து கொஞ்சம் இறக்கினேன். பெரியம்மா பிரம்பு நாற்காலிகளுக்குப் பின்னால் தள்ளி வைக்கச் சொன்னார். ட்வீட்டரை நாற்காலி மறைத்துவிடும் என்று கெஞ்சி, முன்னால் வைக்க இடம் வாங்கினேன்.

பெரியப்பா காது மெஷின் போடுகிறவர். வில்ச்சர் 1967இல் கம்பெனியை விட்டபின் காது கேளாமை ஆராய்ச்சிக்குப் போனார். தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் தனித்தனியாக அளவுபடுத்தித் தரும் முறையை 1973இல் வெளியிட்டார், காப்புரிமை கேட்கவில்லை. இன்றைய காது மெஷின்கள் அந்த வழியில் வந்தவைதான். இதைச் சொன்னதும் பெரியப்பா மெஷினைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, திரும்ப மாட்டிக்கொண்டு, "அப்ப ரெண்டும் ஒரே ஆள் வேலையா? சரி, சத்தத்தை இன்னும் கொஞ்சம் ஏத்து" என்றார்.

இடப்பக்கத்து ட்வீட்டர் வலதைவிடச் சற்று மந்தம். இந்த டோம்கள் வயதானால் அப்படித்தான். அதே ரகத்தில் நல்லதாக ஒன்று கிடைக்கும்வரை கண்ட்ரோலில் சரிக்கட்டியிருக்கிறேன். கீறல் விழுந்த வெனீருக்கு அடுத்த வாரம் ஆசாரி வருகிறார்.