ஆறு மில்லிமீட்டர் நடைபாதை

ஜூன் 8, சனி

பழைய ரயில் மாடல்கள் விற்கும் ஒருவரிடம் சொல்லிவைத்த பெட்டி இன்று வந்தது. இங்கிலாந்தின் நீராவி எஞ்சின் 'ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்', எண் 4472, ஓஓ ஸ்கேல் (அசலில் 76-இல் ஒரு பங்கு). எஞ்சினில் ஒரு கீறல்கூட இல்லை. டெண்டரை, அதாவது எஞ்சினுக்குப் பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் வண்டியை, எடுத்தபோதுதான் முகம் சுருங்கியது. நிலக்கரி சரியாமலிருக்க மேல் விளிம்பில் கம்பி ஓடும் பழைய டெண்டர். நான் கேட்டது உள்ளே நடைபாதை வைத்த காரிடார் டெண்டர். போன் போட்டால், "ரெண்டும் டெண்டர்தானே சார்" என்கிறார். சரி, விடு. பிளாஸ்டிக் தகடு வாங்கி நானே செய்துகொள்கிறேன்.

ஜூன் 9, ஞாயிறு

கோபம் ஆறியபின் யோசித்தால், அவர் அனுப்பியதும் தப்பில்லை. 1923-இல் டான்காஸ்டர் பட்டறையிலிருந்து வெளியே வந்தபோது இந்த எஞ்சின் கம்பி வைத்த டெண்டரைத்தான் இழுத்தது. எனக்கு வேண்டியது 1928 மே 1. அன்றுதான் லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு, 632 கிலோமீட்டர், நடுவில் எங்கும் நிற்காமல் ஓடும் சேவை இந்த எஞ்சினோடு தொடங்கியது.

தண்ணீருக்கு வழி ஏற்கெனவே இருந்தது. தண்டவாளங்களுக்கு நடுவே நீளமான தொட்டிகள், வழியில் ஆறு இடங்களில். ஓடும்போதே டெண்டருக்கு அடியிலிருந்து அகப்பையை இறக்கி அள்ளிக்கொள்வார்கள். ஆனால் எட்டு மணி நேரம் ஒரே டிரைவரும் நிலக்கரி போடும் ஃபயர்மேனும் தாங்க முடியாது. மாற்று ஆட்கள் முதல் பெட்டியில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் எஞ்சினுக்கு வர டெண்டருக்குள்ளேயே ஒரு பக்கமாக வழி விட்டார் எஞ்சினை வடிவமைத்த கிரெஸ்லி. அகலம் 18 அங்குலம், உயரம் 5 அடி. தன் வீட்டில் சாப்பாட்டு நாற்காலிகளைச் சுவரோரம் வரிசையாகப் போட்டு, அந்த இடுக்கில் நுழைந்து பார்த்துத்தான் அளவை முடிவு செய்தாராம்.

ஜூன் 15, சனி

ஓஓ கணக்கில் ஒரு அடிக்கு 4 மி.மீ. நடைபாதை 6 மி.மீ. அகலம், 20 மி.மீ. உயரம். தகட்டில் கோடு போட்டுப் பார்த்தபோதுதான் எவ்வளவு நெருக்கடி என்று உறைத்தது.

பழைய டெண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வெட்டினேன். இரண்டும் கொள்வது 5,000 கேலன் தண்ணீர்தான். கம்பி போய், அந்த உயரத்துக்கு மூடிய பக்கச்சுவர் வந்துவிட்டது. பின்பக்கம் பெட்டியோடு சேரும் வாயில், வெளிச்சத்துக்கு ஒரு வட்ட ஜன்னல். ஜன்னலுக்கு ஊசித் துரப்பணம் போட்டதில் தகடு ஓரமாகப் பிளந்தது. இரண்டாவது தகட்டில் சரியாக வந்தது.

ஜூன் 18, செவ்வாய்

அலுவலக நண்பன் வந்தான். அவனுக்கு அமெரிக்க எஞ்சின்தான் எஞ்சின். யூனியன் பசிபிக் ரயில்வேயின் 'பிக் பாய்' எஞ்சினுடைய டெண்டர் மாடலைக் கொண்டுவந்து என்னுடையதன் பக்கத்தில் வைத்தான். அவனுடைய ஸ்கேல் சிறிதாக இருந்தும் என்னுடையது தீப்பெட்டி போலாகிவிட்டது. அவனுடையதற்குப் பதினான்கு சக்கரம், முன்னால் வளைவில் தனியாகத் திரும்பும் நான்கு சக்கரச் சட்டம் (போகி), பின்னால் ஐந்து அச்சுகள் ஒரே விறைப்பான சட்டத்தில். 1941-இல் வந்தவற்றில் 24,000 அமெரிக்க கேலன், அதாவது சுமார் 90,000 லிட்டர். என்னுடையது 22,700. யூனியன் பசிபிக் பாதையில் அள்ளிக்கொள்ளத் தொட்டி கிடையாது, அதனால் மூட்டையோடு போகிறார்கள்.

"உன்னுதும் கடைசியில அப்படித்தானே ஆச்சு" என்று குத்தினான். உண்மைதான். அந்தத் தொட்டிகளை எடுக்கத் தொடங்கியதும், 1966-இல் 4472-க்குத் தண்ணீருக்காகவே இரண்டாவது டெண்டர் மாட்டினார்கள்.

அவனுக்குப் பிடித்தது வாண்டர்பில்ட் டெண்டர். உருளைத் தொட்டி, பிவிசி குழாயை வெட்டினால் பாதி வேலை முடிந்தது என்கிறான். எனக்கு அது எஞ்சினோடு ஒட்டாமல் தனியாகத் தெரிகிறது.

ஜூன் 22, சனி

வளைவில் தடம் புரண்டது. நான்கு முறை.

கிரெஸ்லி டெண்டருக்கு எட்டுச் சக்கரம், போகி இல்லை. நான்கு அச்சும் ஒரே சட்டத்தில். முதல் அச்சுக்கும் கடைசி அச்சுக்கும் 16 அடி, எனக்கு 64 மி.மீ. என் வளைவின் ஆரம் 438 மி.மீ. அசலில் அது 33 மீட்டர். எந்த எக்ஸ்பிரஸ் எஞ்சினும் எட்டிப் பார்க்காத வளைவு. நடு அச்சு இரண்டும் பக்கவாட்டில் சுமார் 1 மி.மீ. நகர்ந்தாக வேண்டும் என்று கணக்கு சொல்கிறது. உள்பக்கத்தை அரத்தால் ராவி, அச்சுத் துளைகளையும் கொஞ்சம் நீட்டினேன். அடியில் ஈயத்துண்டு. ஐந்தாவது முறை போனது. பத்துச் சுற்று விட்டுப் பார்த்தேன், போய்க்கொண்டே இருந்தது.

ஜூன் 30, ஞாயிறு

பெயிண்ட் காய்ந்தது. நடைபாதைக்குள் ஒரு ஃபயர்மேனை வைக்கலாம் என்று ஆசை. வாங்கிய பொம்மை 23 மி.மீ. நுழையவில்லை. இடுப்பில் பாதி அறுத்து, முன்னால் வளைத்து, சொட்டுப் பசை. இப்போது குனிந்தபடி உள்ளே நிற்கிறார்.

மேல்மூடியை ஒட்டும்போது மனைவி கேட்டாள்: "அந்த ஆள் உள்ளே இருக்கிறது யாருக்குத் தெரியும்?"

வட்ட ஜன்னலில் டார்ச் அடித்துக் காட்டினேன். முதுகு மட்டும் தெரிந்தது.