தெர்மாகோல் அறை

ஏப்ரல் 12, 2025, சனி

இணையத்தில் போட ஒரு சிரிப்புப் பாட்காஸ்டுக்காக நான், மொட்டை, அரசு வேலையில் இருக்கும் ஆபீசர், மூன்று பேரும் மாடி அறையில் உட்கார்ந்து பேசினோம். பதிவைப் போட்டுக் கேட்டால் ஃபேன்தான் பேசுகிறது. நாங்கள் செல்லூரில் அடுத்த தெருவில் எங்கேயோ இருக்கிறோம்.

பாட்காஸ்டுக்குப் பெயர் முடிவாகவில்லை. மொட்டை சொல்லும் பெயர் எதையும் ஆபீசர் தன் வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாதாம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஃபேனை அணைத்துவிட்டுப் பதிவு. மதுரையில், ஏப்ரலில், ஜன்னலையும் சாத்திவிட்டு. கொஞ்ச நேரத்தில் மூவரும் பனியனோடு இருந்தோம். சத்தம் சுத்தமாக வந்திருக்கிறது. சிரிப்புதான் இல்லை.

டீக்கடையில் மொட்டை பேச ஆரம்பித்தால் மாஸ்டர் பால் பொங்குவதைக்கூடப் பார்க்க மாட்டார். அப்பேர்ப்பட்டவன் மைக்கைக் கண்டதும் "வணக்கம் நேயர்களே" என்கிறான். எந்த நேயர்? பதிவை நிறுத்திவிட்டு மாடிப்படி இறங்கும்போது பக்கத்து வீட்டு மோட்டாரைப் பற்றி ஒன்று சொன்னான். ஆபீசர் சிரிப்பு தாங்காமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். மறுபடி மேலே ஏறிப்போய் மைக் முன்னால் அதையே சொல்லவைத்தோம். ஒரு வார்த்தை மாறாமல் சொன்னான். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

மொட்டையின் கனடா விசா பற்றித் தகவல் எதுவும் இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே மெயிலைத் திறக்கிறான், மூடுகிறான்.

ஏப்ரல் 17, வியாழன்

ஆபீசர் 1973ஆம் வருடத்துத் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளைப் பிரிண்ட் எடுத்து வந்திருக்கிறான். பச்சை மையில் அடிக்கோடு வேறு. பச்சை மைக்கு உனக்கு ஏதுடா அதிகாரம், முதலில் அதற்கே மெமோ வரும் என்றான் மொட்டை. ஆபீசர் சிரிக்கவில்லை. நிஜமாகவே பயந்திருக்கிறான்.

அவன் பயத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. பிப்ரவரியில் ரன்வீர் அலகாபாதியா யூட்யூப் நிகழ்ச்சியில் கேட்ட ஒரே ஒரு கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. போன மாதம் மேடை நகைச்சுவையாளர் குணால் காம்ராவின் வீடியோ வெளிவந்ததும் அதைப் படம்பிடித்த மும்பை ஹாபிடாட் அரங்கை அடித்து நொறுக்கினார்கள். பேசியவர் ஒருவர், உடைந்தது இன்னொருவர் நாற்காலி. காம்ரா சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்து இடைக்கால முன்ஜாமீன் வாங்க வேண்டியிருந்தது.

"அவங்கள லட்சம் பேர் கேட்டான். நம்மள யாருடா கேக்கப் போறா?" என்றான் மொட்டை.

"கேஸ் போட ஒருத்தன் கேட்டாப் போதும்" என்றான் ஆபீசர்.

ஆக அரசியல் கிடையாது, ஜாதி கிடையாது, சாமி கிடையாது, அவன் ஆபீஸ் கிடையவே கிடையாது. இவ்வளவையும் எடுத்துவிட்டால் மீதி என்ன? கல்யாணப் பந்தியும் டவுன் பஸ்ஸும். சரி, அதையாவது பேசுவோம். ஆனால் அவன் ஆபீஸ் கதைகள்தான் எங்களிடம் இருப்பதிலேயே உயர்ந்த சரக்கு. போகிறதே என்று வயிறு எரிகிறது.

ஏப்ரல் 19, சனி

எதிரொலியைக் குறைக்க மொட்டை தெர்மாகோல் வாங்கி வந்தான். அதை ஆட்டோவிலிருந்து இறக்கியதும் தெருவே கேட்டது: அணைக்கா?

2017இல் வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க தெர்மாகோல் மிதக்கவிட்டார்கள், காற்றடித்து எல்லாம் கரைக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து மதுரைக்காரன் முன்னால் தெர்மாகோலைக் காட்டிவிட்டு அவனைச் சும்மா இரு என்றால் இருப்பானா? சுவரில் ஒட்டும்போதே மொட்டை கால் மணி நேரம் விடாமல் பேசினான். பதிவு ஓடிக்கொண்டுதான் இருந்தது! முதல் எபிசோடே இதுதான் என்று நான் குதித்தேன். இது அரசியல் என்றான் ஆபீசர். அழித்தாயிற்று.

தெர்மாகோலும் உதவவில்லை. அதில் இருப்பதெல்லாம் மூடிய குமிழ்கள், சத்தத்தை உள்ளே வாங்காது. எல்லாவற்றையும் பிய்த்துவிட்டு இலவம்பஞ்சு மெத்தையையும் போர்வைகளையும் தொங்கவிட்டோம். எதிரொலி அடங்கியது. அறை இப்போது பிரசவ வார்டு மாதிரி இருக்கிறது.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஒலியைத் திருத்தும் ஆடாசிட்டி மென்பொருளில் இரைச்சலை எடுக்க, முதலில் யாரும் பேசாத சில நொடிகளைப் பிடித்து அதற்குக் காட்ட வேண்டும். ஒரு மணி நேரப் பதிவில் அப்படி ஓர் இடம் இல்லை. மொட்டை பேசாத இடத்தில் ஆபீசர் "வேணாம்டா" என்கிறான்.

கேட்கக் கேட்க இன்னொன்று உறுத்துகிறது. மொட்டை சொல்லி முடிப்பதற்குள் நாங்கள் சிரித்துவிடுகிறோம், அதுவும் மைக்குக்குப் பக்கத்தில். ரேடியோவில் தென்கச்சி கோ. சுவாமிநாதன் கடைசியில் ஒரு சிரிப்புக் கதை சொல்வார். குரலில் ஓர் அசைவு இருக்காது. சிரிக்கிற வேலையை நம்மிடம் விட்டுவிட்டுப் போய்விடுவார்.

ஏப்ரல் 23, புதன்

காஷ்மீர் பஹல்காம் தாக்குதல் செய்தி. எதையும் வெளியிடவில்லை. போடலாமா என்று யாரும் யாரையும் கேட்கவும் இல்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

முதல் எபிசோட் ஸ்பாட்டிஃபையில் ஏறியது. கேட்டவர்கள்: நாங்கள், ஆபீசரின் மச்சினன், அப்புறம் ஜெர்மனியில் யாரோ ஒருவர். ஜெர்மனிக்காரர் நான்காவது நிமிடத்தில் போய்விட்டார். நான்காவது நிமிடத்தில் அப்படி என்ன சொன்னோம்?

ஏப்ரல் 30, புதன்

ரீல்ஸ் போட்டால்தான் ஆள் வரும் என்கிறார்கள். முதல் மூன்று நொடியில் பிடித்துவிட வேண்டுமாம். மொட்டையின் கதைகளோ யார் வீடு, எந்தச் சந்து, அந்தச் சித்தப்பாவுக்கு ஏன் ஒரு காது கேட்காது என்பதில் ஆரம்பிக்கும். குடைக் கதையை ராத்திரி முழுக்க வெட்டினேன். நாற்பது நொடி. சந்தும் போய், சித்தப்பாவும் போய், யாரோ ஒருவன் குடையை எடுத்துக்கொண்டு ஓடுகிறான்.

முதல் கமெண்ட்: "இதுல என்ன காமெடி". மொட்டை அதை எழுந்து நின்று தலைப்புச் செய்தியாக வாசித்தான், இடைவேளைக்குப் பின் விரிவாகவும் வாசித்தான். மைக் பையில் இருந்தது.

மே 2, வெள்ளி

ஜெர்மனிக்காரர் திரும்ப வரவில்லை.

மே 4, ஞாயிறு

திருவிழாக் குழாய் ஸ்பீக்கர். மெத்தையாவது போர்வையாவது. பின்னணியில் கேட்ட பக்திப் பாட்டுக்கு யூட்யூபில் உரிமை கேட்டு நோட்டீஸ் வந்துவிட்டது. எங்கள் எபிசோடை முழுசாகக் கேட்டது அந்த மென்பொருள் ஒன்றுதான்.

மே 6, செவ்வாய்

வாட்ஸ்அப்பில் மொட்டையிடமிருந்து நீளமாக ஒரு வாய்ஸ் நோட். பல் டாக்டர் வாசலில் டோக்கனோடு உட்கார்ந்திருக்கிறான். எனக்கு மட்டும் பேசுகிறான். முன்னால் இருக்கும் தாத்தா, அவருடைய செட் பல், அதை வைத்திருந்த டப்பா. பஸ்ஸில் நின்றுகொண்டே கேட்டேன், கண்டக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நேயர்களே" இல்லை. நாங்கள் சிரித்துக் கெடுக்கவும் இல்லை.

ராத்திரி கேட்டேன், இதையே போடலாமா? "பல்லு வலில பேசினதுடா" என்றான். அப்புறம், போட்டுக்கோ.

மே 8, வியாழன்

மீனாட்சி கல்யாணம். அம்மா தாலிக்கயிறு மாற்றிக்கொண்டு நேராக டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். கல்யாணத்தைக் காட்டிவிட்டு உடனே பாகிஸ்தான் எல்லைச் சண்டையைக் காட்டுகிறார்கள். எபிசோடைத் தள்ளிவைத்தோம்.

மே 11, ஞாயிறு

நேற்றே சண்டை நிறுத்தம் என்றார்கள். இன்று அழகரை வரவேற்கும் எதிர்சேவை. தல்லாகுளத்தில் கூட்டம் எங்களைத் தூக்கிக்கொண்டு போனது. மொட்டையின் செருப்பு ஒன்று போயிற்று. மீதி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டே வீடு வரை பேசிக்கொண்டு வந்தான். நான் போனை எடுக்கவில்லை.

மே 12, திங்கள்

அழகர் ஆற்றில் இறங்கினார். தூக்கம்.

மே 14, புதன்

பல் டாக்டர் எபிசோட் போட்டோம். ஆபீசரின் மனைவி கேட்டுவிட்டுச் சிரித்தாராம். அவன் பெருமையோடு சொல்கிறான், அதில் அவன் குரலே இல்லை.

மே 16, வெள்ளி

மொட்டைக்கு விசாவோடு பாஸ்போர்ட் வந்துவிட்டது. மாதக் கடைசியில் டிக்கெட். மாலையில் எல்லோரும் கறி தோசை சாப்பிட்டோம், அவன்தான் பணம் கொடுத்தான். அதுவே சந்தேகத்துக்குரியது.

டொரண்டோவுக்கும் நமக்கும் இப்போது ஒன்பதரை மணி நேரம். அவனுக்கு ஞாயிறு காலை என்றால் இங்கே சாயங்காலம். ஆபீசர் அதற்குள் குரூப்பில் அட்டவணையே போட்டுவிட்டான். கீழே ஒரு குறிப்பு: வாய்ஸ் நோட் எதைப் பற்றியும் இருக்கலாம், கனடா அரசியல் உட்பட. தெர்மாகோல் மட்டும் வேண்டாம்.