விலையைப் பிடித்தால் ஹோகார்த் பிடிபடுவார்

கலை வரலாற்றுத் தேர்வில் முதல் முறை என் காலை வாரியது, 18ஆம் நூற்றாண்டு ஆங்கில ஓவியரும் அச்சுப்படக் கலைஞருமான வில்லியம் ஹோகார்த் பற்றிய கேள்வி. அச்சுப் படங்கள் வழியே வெகுமக்களுக்கு அறம் சொன்னதைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நான் நாலு பக்கம் கதை எழுதினேன்: லண்டனுக்கு வந்த பெண் சீரழிந்தாள், வாரிசுப் பிள்ளை சொத்தை அழித்தான் என்று. பாதி மதிப்பெண்கூடத் தேறவில்லை.

அடுத்த முறை கதையை ஓரமாக வைத்துவிட்டு விலையைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண்ணின் கதையான, 1732இல் வந்த ‘எ ஹார்லட்ஸ் புராக்ரஸ்’ ஆறு படங்கள், ஒரு கினி. அதாவது அந்தக் கால ஆங்கிலப் பணத்தில் 21 ஷில்லிங். படம் ஒன்றுக்கு மூன்றரை. சந்தா கட்டி வாங்கியவர்கள் வசதியானவர்கள். மலிவாகப் பரவியவை திருட்டு நகல்கள்தான். அந்த எரிச்சலில் பிறந்ததுதான் 1735இல் அமலான சட்டம்: செதுக்கு அச்சுப் படங்களுக்கு 14 ஆண்டு உரிமை. அது அமலுக்கு வரும்வரை, வாரிசுப் பிள்ளையின் கதையான அடுத்த தொடரை வெளியிடாமல் காத்திருந்தார் மனிதர். அறம் ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம்!

1747இன் ‘இண்டஸ்ட்ரி அண்ட் ஐடில்னஸ்’ 12 படங்களுக்கு 12 ஷில்லிங். தொழில் பழகும் பையன்களுக்கானது. கோடுகளும் அதற்கேற்ப எளிமை. 1751இல், ஜின் என்ற மலிவு மதுவின் சீரழிவைக் காட்டும் ‘ஜின் லேன்’ ஒரு ஷில்லிங். அதே ஆண்டின் ‘ஃபோர் ஸ்டேஜஸ் ஆஃப் க்ரூயல்ட்டி’ தொடரை இன்னும் மலிவாக்க, மரச் செதுக்கர் ஜான் பெல்லைக் கொண்டு இரண்டு படங்களை மரக்கட்டையில் செதுக்கிப் பார்த்தார். செலவு கையைக் கடித்தது. செப்புத் தகட்டுக்கே திரும்பினார். இந்தத் தோல்வியை விடாமல் எழுதுங்கள், பலரும் விட்டுவிடுகிறார்கள்.

படங்களைப் படிக்கும்போது கீழே உள்ள வரிகளைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். ‘ஜின் லேன்’, ‘பீர் ஸ்ட்ரீட்’ இரண்டையும் பக்கத்தில் வைத்து அடகுக் கடையை மட்டும் தேடுங்கள்: ஒன்றில் கொழிக்கிறது, மற்றதில் இடிந்து கிடக்கிறது. முடிந்தால் அச்செடுக்கப் பயன்படும் லினோலியத் தகடு (லினோ) ஒன்றைச் செதுக்கிப் பாருங்கள். என் பெயர் தலைகீழாகப் பதிந்த பிறகுதான் அச்சில் படம் இடவலம் மாறிவிடும் என்பது மண்டையில் ஏறியது.

நேர்முகத்தில், “ஒரு ஷில்லிங்கும் இல்லாதவன் எங்கே பார்த்திருப்பான்?” என்று மடக்கினார்கள். அச்சுக் கடை ஜன்னலைச் சொன்னேன். பிறகு, வேலை செய்யும் இடத்திலேயே பார்த்திருக்கலாம் என்பதற்கு, தொழில் பழகுவோர் தொடரின் முதல் படம் நினைவுக்கு வந்தது. இரண்டு பையன்களின் தறிக்கு மேலும் மலிவுப் பாட்டுத்தாள்கள் ஒட்டியிருக்கும்: உழைப்பவன் பக்கம் லண்டன் மேயரான விட்டிங்டன் கதை, தூங்குபவன் பக்கம், டேனியல் டீஃபோ நாவலின் திருட்டு நாயகி மால் ஃபிளாண்டர்ஸ்.