வரி குறைப்பா, ஆஸ்பத்திரியா: ஓட்டை முடிவு பண்ண எனக்கு மூணு வாரம் ஆச்சு

சம்பளத்துல வரி பிடிச்சது போக கைக்கு வர்றதைப் பார்த்து மாசாமாசம் வயிறு எரியுற ஆள்தான் நானும். அதனால ஒரு தரப்பு வருமான வரியைக் குறைப்போம்னு சொன்னதுமே ஏறக்குறைய முடிவு பண்ணிட்டேன். இன்னொரு தரப்பு வரி குறையாது, ஆஸ்பத்திரிக்கும் பஸ்ஸுக்கும் கூடுதலா செலவு பண்ணுவோம்னாங்க.

அப்போதான் அம்மாவோட டயாலிசிஸ்ல ஒரு பிரச்சனை. வாரத்துக்கு மூணு நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், அரசு ஆஸ்பத்திரியில. ஒரு மெஷின் ரிப்பேராகி சரி பண்ண ஆள் வராம ரெண்டு தடவை வெளிய காசு கொடுத்துப் பண்ண வேண்டியதாப் போச்சு, அந்த பில்லையும் வரி குறைஞ்சா எனக்கு மிச்சமாகுறதையும் ஒரே பேப்பர்ல எழுதிப் பார்த்தேன், ஒரு வருஷ மிச்சம் அந்த ரெண்டு நாளுக்கே சரியாப் போச்சு.

மிச்சம் ஏன் அவ்ளோ கம்மின்னு பார்த்தா, ஸ்லாப் விஷயத்தையே, அதாவது வருமானத்தைப் படிப்படியா பிரிச்சு ஒவ்வொரு படிக்கும் ஒரு வரி ரேட் போடுறதை, நான் இத்தனை வருஷமா தப்பா புரிஞ்சு வெச்சிருந்திருக்கேன். அடுத்த ஸ்லாபுக்குப் போனா மொத்தச் சம்பளத்துக்கும் அந்த ரேட்டுன்னு நினைச்சிருந்தேன். இல்ல, எல்லையைத் தாண்டுன தொகைக்கு மட்டும்தான். அவங்க குறைக்கிறேன்னது மேல் ஸ்லாப் ரேட்டை, நான் அதைக் கொஞ்சம்தான் தாண்டியிருக்கேன், அப்போ எனக்கு சொற்பம், என்னைவிட பத்து மடங்கு சம்பாதிக்கிறவருக்குத்தான் பெரிய தொகை. சம்பாத்தியமே இல்லாத அம்மா சோப்பு வாங்கும்போது கட்டுற வரியைப் பத்தி ரெண்டு தரப்புமே வாயைத் திறக்கல, அது எனக்கு இப்பவும் கோபம்தான்.

வரியைக் குறைச்சா தொழில் வளரும், அரசுக்கு வருமானம் தானா ஏறும்னு ஃப்ரெண்ட் ஒருத்தர் சொன்னார். ரேட் ரொம்ப உச்சத்துல இருந்தா அதுல கொஞ்சம் நியாயம் இருக்கலாம். ஆனா அமெரிக்காவுல கன்சாஸ் மாநிலம் 2012ல இதை நம்பித்தான் வருமான வரியைப் பெருசா வெட்டுச்சு, வருவாய் விழுந்துச்சு, 2015ல பணம் பத்தாம சில பள்ளிக்கூடங்கள்ல படிப்பு வருஷத்தைச் சில நாள் முன்னாடியே முடிச்சாங்க, கடைசியா 2017ல கவர்னர் கையெழுத்துப் போட மறுத்துத் தடுத்ததையும் (வீட்டோ) மீறி சட்டசபையே அதுல பெரும்பகுதியை ரத்து பண்ணுச்சு.

அப்புறம் பட்ஜெட்டை எடுத்து உட்கார்ந்தேன், ரெண்டு ராத்திரி ஆச்சு. சம்பளம், பென்ஷன், கடன் வட்டி இது மூணுலயும் சட்டுனு கை வைக்க முடியாது, அதனால பணம் குறைஞ்சா முதல்ல தள்ளிப் போடுறது பராமரிப்பைத்தான், புது கட்டடம்னா திறப்பு விழா உண்டு, மெஷினுக்கு சர்வீஸ் பண்ணதுக்கு யாரு விழா எடுக்கப் போறா. அம்மாவோட மெஷின் மாட்டுன இடம் இதுதான்னு புரிஞ்சதும் அன்னிக்கு ரொம்ப நேரம் தூக்கம் வரல.

வீட்டுக்கு ஓட்டு கேட்டு வந்த ரெண்டு பேர்கிட்டயும் ஒரே கேள்விதான் கேட்டேன், பணத்துக்கு என்ன பண்ணுவீங்க? வரி குறைப்புக்காரர் வீண் செலவை நிறுத்துவோம்னார், எந்தச் செலவுங்கன்னு மூணு தடவை கேட்டும் ஒண்ணைக்கூட பேர் சொல்லல. இன்னொரு தரப்புல வந்தவங்க, "வீட்டு வரி ஏறும், உங்களுக்கும்தான் ஏறும்"னு நேராவே சொல்லிட்டாங்க. கேட்கக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா முகத்துக்கு நேரா சொன்னாங்களே, அதுக்காகவே அவங்களுக்குத்தான்னு முடிவாச்சு.

ஓட்டுப் போட்டுட்டு வர்ற வழியில அம்மா தானாவே சொன்னாங்க, "நான் வரியைக் குறைக்கிறேன்னவங்களுக்குப் போட்டேன்பா, உன் சம்பளத்துல எவ்ளோ பிடிக்கிறாங்க, பார்க்கவே பாவமா இருக்கு." நான் யாருக்குப் போட்டேன்னு அம்மாகிட்ட சொல்லல. அடுத்த நாள் காலையில டயாலிசிஸ், ஆறு மணிக்கே கிளம்பணும், அதைப் பத்திப் பேசிக்கிட்டே வீட்டுக்கு வந்துட்டோம்.