குதிகாலுக்கு அடியில் ஒரு கை

தம்பி ஐசியுவில் 23 நாள் இருந்தான். மூளையில் ரத்தக்கசிவு. வயது 34. காலையில் அரை மணி நேரம், மாலையில் அரை மணி நேரம் உள்ளே விடுவார்கள். மற்ற நேரமெல்லாம் வெளியே வரிசையாகப் போட்டிருந்த இரும்பு நாற்காலிகளில்தான் நாங்கள் கிடந்தோம்.

ஐந்தாம் நாள் என்று நினைக்கிறேன். மாலையில் உள்ளே போனபோது ஒரு சிஸ்டர் அவனைத் திருப்பிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தாள். அசைவில்லாமல் படுத்திருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இப்படித் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். அவளுக்கு 25 வயதுகூட இருக்காது. "அண்ணா, இப்ப உங்களை இடது பக்கம் திருப்பப் போறேன். கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்கோங்க" என்றாள். அவனுக்கு நினைவில்லை என்பது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். சொல்லிவிட்டு ஒரு நிமிடம் நின்றாள், அவன் சரி என்று சொல்வதற்கு நேரம் கொடுப்பதுபோல. அப்புறம்தான் தொட்டாள்.

திருப்பி முடித்ததும் ஒரு போர்வையை மடித்து அவன் கெண்டைக்காலுக்கு அடியில் வைத்தாள். குதிகால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் நிற்க வேண்டுமாம். நின்றதா என்று பார்க்க, குதிகாலுக்கும் மெத்தைக்கும் நடுவில் தன் கையை நுழைத்து இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓட்டினாள். தட்டியது. போர்வையை இன்னொரு மடிப்பு மடித்து வைத்து, மறுபடியும் கையை ஓட்டினாள். இந்த முறை தடையில்லாமல் போனது. அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். நான் அங்கே நின்றதை அவள் கவனித்தாளா என்றுகூடத் தெரியாது.

அன்று வெளியே வந்து உட்கார்ந்தபோதுதான், அந்த ஐந்து நாளில் முதல் முறையாக, என்னால் ஜெபிக்க முடிந்தது.

அதற்கு முன்னால் எனக்கு ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எத்தனையோ பேர். எல்லாரும் அன்போடுதான் வந்தார்கள். "இதிலும் தேவனுக்கு ஒரு நோக்கம் இருக்கும்." "தாங்க முடியாததை அவர் கொடுக்க மாட்டார்." எங்கள் பெரியம்மா ஒருபடி மேலே போய், என் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, "குடும்பத்துல அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கான்னு யோசிச்சுப் பாரு" என்றார். அம்மா ஒன்றும் பேசவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவிடம் வந்து, நீ பாவம் செய்திருப்பாய் என்று சொன்ன சிநேகிதர்களைப் பற்றி வேதத்தில் படித்தபோதெல்லாம், இப்படியும் பேசுவார்களா என்று நினைத்திருக்கிறேன். பேசுகிறார்கள். அந்தச் சிநேகிதர்களாவது முதலில் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆனால் இதையும் சொல்லியாக வேண்டும். அதே பெரியம்மாதான் 11 ராத்திரி அந்த இரும்பு நாற்காலியில் அம்மாவோடு தங்கினார். தன் சேலையை மடித்து அம்மாவின் தலைக்கு வைத்தார். அம்மாவுக்குத் தலை சீவிவிட்டார். காலையில் எல்லாருடைய துணியையும் வாங்கிக்கொண்டு போய் மாலையில் துவைத்து மடித்துக் கொண்டுவந்தார். அவர் வாய் சொன்னதையும் கை செய்ததையும் என்னால் ஒன்றாக வைத்துப் பார்க்கவே முடியவில்லை. ரொம்ப நாள் அவர்மேல் கோபமாகவே இருந்தேன்.

நான் வளர்ந்த சபையில் மனிதனின் நன்மையைப் பற்றி அதிகம் பேச மாட்டார்கள். பேசினால் ஏசாயா 64 வந்துவிடும்: நம் நீதியெல்லாம் அழுக்கான கந்தை. அதுவும் வேதம்தான், அதை நான் மறுக்கவில்லை. காத்திருப்போர் அறையில் என் அம்மா அசந்து தூங்கிய பத்து நிமிடத்தில் அவர் மடியிலிருந்த பையை யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள். உள்ளே மகன் உயிருக்குப் போராடும் ஒரு தாயின் பை. மனிதன் இப்படித்தான் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம். ஆனால் அந்த சிஸ்டரின் கையை எந்தக் கணக்கில் எழுதுவது? அவள் என்ன மதம் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. அதை அழுக்கான கந்தை என்று என்னால் சொல்ல முடியாது. சொன்னால் பொய் சொன்னவளாவேன்.

தம்பி போய் ஏழெட்டு மாதம் கழித்து அப்போஸ்தலர் நடபடிகளை மறுபடியும் வாசித்தேன். 27ஆம் அதிகாரத்தில் கப்பல் உடைகிறது. கப்பலில் 276 பேர். கைதிகள், போர்ச்சேவகர், கப்பலாட்கள், எல்லாரும் நீந்தியும் பலகைகளைப் பிடித்துக்கொண்டும் மெலித்தா தீவில் கரையேறுகிறார்கள். இன்றைய மால்ட்டா. அந்தத் தீவுக்காரர்கள் கிறிஸ்துவைக் கேள்விப்பட்டிராதவர்கள். மழை, குளிர். அவர்கள் நெருப்பு மூட்டி எல்லாரையும் சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் காட்டிய அன்பு "கொஞ்சமல்ல" என்று அந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா சொல்கிறார். அதோடு நிறுத்திக்கொள்கிறார். "ஆனாலும் அவர்கள் இரட்சிக்கப்படாதவர்கள்" என்று ஒரு வரியைச் சேர்க்கவில்லை.

அடுத்த வசனத்திலேயே, கைதிகளில் ஒருவரான அப்போஸ்தலர் பவுலின் கையில் ஒரு விரியன் கவ்வுகிறது. உடனே அதே தீவுக்காரர்கள், இவன் கொலைபாதகன், அதனால்தான் கடலுக்குத் தப்பியும் பழி விடவில்லை என்கிறார்கள். வாசித்துக்கொண்டே வந்தவள் அங்கே நின்றுவிட்டேன். அப்படியே எங்கள் பெரியம்மா! நெருப்பு மூட்டத் தெரிந்தவர்கள், துன்பத்துக்குக் காரணம் சொல்லப் போனதும் தடுமாறுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் பவுலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கண்டதும், இவன் ஒரு தேவன் என்கிறார்கள். அதுவும் தப்பு. இரண்டு முறை காரணம் சொன்னார்கள், இரண்டு முறையும் தப்பு. மூட்டின நெருப்பு மட்டும் சரியாக இருந்தது. அதில் 276 பேர் குளிர் காய்ந்தார்கள்.

அந்தத் தீவாரின் அன்புக்கு லூக்கா போட்டிருக்கும் கிரேக்கச் சொல் பிலாந்த்ரோப்பியா, மனிதர்மேல் அன்பு. இந்தப் பெயர்ச்சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இரண்டே இடத்தில்தான் வருகிறது. ஒன்று இங்கே. இன்னொன்று தீத்து 3:4, அங்கே அது தேவன் மனிதர்மேல் வைத்த அன்பு. அதாவது, நம்மைத் தேடி வந்த தேவனின் அன்புக்கு என்ன சொல்லோ, மழையில் நனைந்த முன்பின் தெரியாதவர்களுக்கு நெருப்பு மூட்டிய தீவாரின் அன்புக்கும் அதே சொல். இதை அறிந்த அன்று நான் அழுதேன். அந்த சிஸ்டரின் கையை எழுதுவதற்கு எனக்கு ஒரு இடம் கிடைத்துவிட்டது.

அதே சொல் எதிர்ப்பக்கத்திலிருந்தும் வந்திருக்கிறது. 361 முதல் 363 வரை ரோமை ஆண்ட ஜூலியன் கிறிஸ்தவத்தை விட்டு விலகிப் பழைய தெய்வங்களிடம் திரும்பியவர். தன் பூசாரி ஒருவருக்கு அவர் எழுதிய கடிதத்தில், இந்தக் கலிலேயரின் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைத்தார்) மார்க்கம் வளர்ந்ததற்குக் காரணமே அந்நியர்மேல் அவர்கள் காட்டும் பிலாந்த்ரோப்பியாவும், இறந்தவர்களை அடக்கம் செய்வதில் அவர்கள் எடுத்துக்கொள்ளும் அக்கறையும்தான் என்று குறைபட்டுக்கொள்கிறார். தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் அவர்களே தாங்குகிறார்கள், நமக்கு வெட்கம் என்கிறார். அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான் இன்றைய துருக்கியிலுள்ள கப்பத்தோக்கியாவில் செசரியா நகரத்துக்கு வெளியே கிறிஸ்தவப் போதகர் பசிலியார் நோயாளிகளுக்கும் தொழுநோயாளிகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் பெரிய இல்லம் ஒன்றைக் கட்டினார். தொழுநோயாளிகளை அவர் சகோதரர்கள் என்று முத்தமிட்டார் என்று அவருடைய நண்பர் கிரகோரியார் சொல்லியிருக்கிறார். புறஜாதியாரின் நன்மையை லூக்கா மறைக்கவில்லை, கிறிஸ்தவர்களின் நன்மையை ஜூலியனால் மறைக்க முடியவில்லை.

தேவன் மனிதனைத் தம்முடைய சாயலாகப் படைத்தார் என்பதைச் சின்ன வயதிலிருந்தே மனப்பாடமாகச் சொல்கிறேன். பாவத்தில் அந்தச் சாயல் சிதைந்தது என்பதையும் சொல்கிறேன். சிதைந்தது என்றால் அழிந்துபோனது என்று அர்த்தமில்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு 40 வயதும் 23 நாட்களும் தேவைப்பட்டன.

நம்பிக்கை என்றால் தம்பி பிழைத்துவிடுவான் என்பதுதான் அப்போது எனக்கு. அவன் பிழைக்கவில்லை. இறந்து நான்கு நாளான லாசரு இயேசு கூப்பிட்டதும் எழுந்து வந்தான், என் தம்பி எழுந்து வரவில்லை. யோவான் 11ஐ நான் ரொம்ப நாள் திறக்கவே இல்லை. இப்போது வாசிக்கும்போது வேறொன்று கண்ணில் படுகிறது. எழுப்பப்போவது தெரிந்தும் இயேசு கண்ணீர் விட்டார். அந்த நேரத்தில் விளக்கம் சொல்லவில்லை, அழுதார். கல்லை அவரே புரட்டவில்லை, அங்கே இருந்தவர்களைப் புரட்டச் சொன்னார். லாசரு வெளியே வந்த பிறகு, கட்டவிழ்க்கிற வேலையையும் அவர்களுக்கே விட்டார். உயிர் கொடுப்பது அவர் வேலை. கல்லும் துணியும் மனிதர் கையில். என் தம்பிக்கும் அந்தக் குரல் ஒருநாள் கேட்கும் என்று விசுவாசிக்கிறேன். அதுவரை கையால் செய்யும் வேலைகள் நிறைய இருக்கின்றன.

23ஆம் நாள் அதிகாலை எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். எல்லாம் முடிந்திருந்தது. அன்றும் அந்த சிஸ்டர்தான் இருந்தாள். குழாய்களை எடுக்க வேண்டும், வெளியே இருங்கள் என்றார்கள். திரைக்கு வெளியே நின்றேன். உள்ளே அவள் குரல் கேட்டது: "அண்ணா, இதை எடுக்கப் போறேன். அவ்வளவுதான், முடிஞ்சுடுச்சு."

இரண்டு மாதத்துக்கு முன்னால் பெரியம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்தும் இன்னும் படுக்கைதான். சனிக்கிழமை ராத்திரி நான் போய்த் தங்குகிறேன். வலிக்குக் காரணம் தேடி அவர் ஏதேதோ சொல்கிறார், நான் செய்த பாவம் என்கிறார், தேவன் கைவிட்டாரோ என்கிறார். நான் பதில் சொல்வதில்லை. "பெரியம்மா, இப்ப காலைத் தூக்கப் போறேன், கொஞ்சம் வலிக்கும்" என்று சொல்லிவிட்டு ஒரு நிமிடம் நிற்கிறேன். ம் என்கிறார். போர்வையை மடித்துக் கெண்டைக்காலுக்கு அடியில் வைத்து, குதிகாலுக்கும் மெத்தைக்கும் நடுவில் கையை ஓட்டிப் பார்க்கிறேன். தட்டினால், இன்னொரு மடிப்பு.