கேட்கும் விதம்

மருத்துவ உளவியலாளர் என்று சொன்னால் பலரும் என்னை அறிவுரை சொல்பவள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அறிவுரை என் வேலையில் மிகச் சிறிய பங்கு. காலையில் அரசு மருத்துவமனையின் வெளிநோயாளிகள் பிரிவு, சில பிற்பகல்களில் பள்ளிகள், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு அழைக்கும்போது, குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களை விசாரிக்கும் போக்சோ நீதிமன்றம். மூன்று இடங்களிலும் நான் செய்வது கேள்வி கேட்பதுதான். எதை எப்படிக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்று முடிவெடுக்கும்போதுதான் படித்த உளவியல் எனக்கு அதிகம் கைகொடுக்கிறது.

நீதிமன்றத்திலிருந்து தொடங்குகிறேன். கேள்வி தவறினால் அங்கே இழப்பு பெரிது.

1974இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் கார்கள் மோதிக்கொள்ளும் படத்துண்டுகளை மாணவர்களுக்குக் காட்டினார்கள். பிறகு கார்களின் வேகத்தைக் கேட்டார்கள். சிலரிடம் "ஒன்றையொன்று தொட்டபோது" என்றும், சிலரிடம் "நொறுங்க மோதியபோது" என்றும் கேள்வி அமைந்தது. பார்த்த படங்கள் ஒன்றுதான். ஆனால் 'நொறுங்க' என்று கேட்கப்பட்டவர்கள் சொன்ன வேகம் சராசரியாக மணிக்கு 9 மைல் அளவுக்கு அதிகம். இன்னொரு சோதனையில் ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று விசாரித்தார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. 'நொறுங்க' என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். வெறுமனே 'மோதியபோது' என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர்தான் அப்படிச் சொன்னார்கள்.

அவர்கள் கல்லூரி மாணவர்கள். பதில் எதுவானாலும் அவர்களுக்கு நட்டமில்லை. அந்த இடத்தில் ஏழு வயதுக் குழந்தையை வைத்துப் பார்க்க வேண்டும்.

தனக்கு நடந்த ஒன்றைக் குழந்தை வாய் திறந்து சொன்னதும், கேள்விகள் வரிசைகட்டி நிற்கின்றன. முதலில் அம்மா, பிறகு பாட்டி, அத்தை, வகுப்பாசிரியர், தலைமையாசிரியர். காவல்துறையும் மருத்துவரும் நீதித்துறை நடுவரும் அதற்குப் பிறகுதான் வருகிறார்கள். "அந்த மாமாதானே?", "இங்கே தொட்டாரா, அங்கே தொட்டாரா?", "நன்றாக யோசித்துச் சொல்லு." கேட்பவர்கள் எல்லோரும் குழந்தையின் மேல் உயிரையே வைத்திருப்பவர்கள், சந்தேகமில்லை. ஆனால் ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால் குழந்தை பதிலை மாற்றக்கூடும். வகுப்பறையில் டீச்சர் திரும்பக் கேட்டால் முதல் பதில் தப்பு என்றுதானே அது கற்றுவைத்திருக்கிறது? இப்படி மாறிய பதில்கள் மாதங்கள் கழித்துக் குறுக்கு விசாரணையில் முரண்பாடுகளாக எழுந்து நிற்கின்றன. நடந்தது நடந்ததுதான் என்றாலும், அதைச் சொன்ன குழந்தை பொய் சொன்னதாக ஆகிவிடுகிறது. கலிஃபோர்னியாவில் ஒரு மழலையர் பள்ளியின் மேல் 1983இல் எழுந்த புகாரில் நூற்றுக்கணக்கான குழந்தைகளிடம் பதிலைத் திணிக்கும் விதமாகக் கேள்விகள் கேட்கப்பட்டன. வழக்கு 1990 வரை இழுத்து, ஒருவருக்குக்கூடத் தண்டனை இல்லாமல் முடிந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களும் குழந்தைகளும் அந்த ஆண்டுகளை இழந்தார்கள்.

இத்தகைய வழக்குகள் தந்த பாடத்துக்குப் பின் மைக்கேல் லாம்பும் அவருடைய சகாக்களும் குழந்தைகளை விசாரிப்பதற்கான முறை ஒன்றை வகுத்தார்கள். நான் பின்பற்றுவது அதைத்தான். "தெரியாது என்றால் தெரியாது என்று சொல், நான் தப்பாகச் சொன்னால் திருத்து" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பிறகு பொங்கலுக்கு என்ன செய்தாய் என்பது போல வேறொன்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை சொல்லவைக்கிறோம். முக்கியமான விஷயத்துக்கு வரும்போது "என்ன நடந்தது, எல்லாவற்றையும் சொல்லு" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறோம். அந்தக் காத்திருப்புதான் இந்த வேலையில் மிகவும் கடினமானது. குழந்தை பாவாடை நுனியைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது உதவுகிறேன் என்று ஒரு சொல்லை எடுத்துக்கொடுக்கத் தோன்றும். கொடுக்கக் கூடாது. கொடுத்த சொல் குழந்தையின் சொல்லாகிவிடும்.

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தை எழுதியவர்கள் குழந்தையின் மனதை ஓரளவு அறிந்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். வாக்குமூலம் வாங்க வரும் காவலர் சீருடையில் இருக்கக் கூடாது. சாட்சி சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படக் கூடாது. எனக்கு மிகவும் பிடித்தது 33ஆம் பிரிவு: வழக்கறிஞர்கள் நேரடியாகக் குழந்தையைக் கேட்காமல், கேள்வியை நீதிபதியிடம் கொடுக்க வேண்டும், நீதிபதிதான் குழந்தையிடம் கேட்பார். இதை அக்கறையோடு செய்யும் நீதிபதிகளைப் பார்த்திருக்கிறேன். "அன்று மாலை நீ அங்கே செல்லவில்லை என்பது உண்மையல்ல என்று சொல்வது சரிதானா?" என்ற வாக்கியம் "அன்றைக்கு நீ எங்கே போனாய் கண்ணு?" என்று மாறி வரும்போது குழந்தை நிமிர்ந்து பதில் சொல்கிறது. முதல் வடிவத்திலேயே கேட்கப்படும் கூடங்களும் இருக்கின்றன. அங்கே குழந்தை எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறது. அதைப் பதில் என்று பதிவு செய்வது எனக்கு இன்றும் கோபமூட்டுகிறது.

சாட்சி சொல்லும் நாளுக்கு முன் குழந்தையை ஒரு முறை நீதிமன்றத்துக்கு அழைத்துச் செல்கிறோம். நீதிபதி எங்கே உட்காருவார், தண்ணீர் வேண்டுமானால் யாரிடம் கேட்கலாம், புரியவில்லை என்றால் எப்படிச் சொல்வது என்பதையெல்லாம் காட்டுகிறோம். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை ஒத்திகை பார்ப்பதில்லை. பெற்றோர் பல நேரம் இதை ஏற்க மறுக்கிறார்கள், "மறந்துவிட்டால் என்ன செய்வது?" என்கிறார்கள். ஒப்பித்த சாட்சியம் முதல் எதிர்பாராத கேள்வியிலேயே உடைந்துவிடும் என்பதை அவர்களுக்குச் சொல்லி, பொறுமையாகப் புரியவைக்க வேண்டியிருக்கிறது.

மறுநாள் மருத்துவமனைக்கு வந்தால் விதி தலைகீழாகிறது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர் கட்டிலில் படுத்திருப்பார். சுற்றி நிற்கும் உறவினர்கள் அதைப் பற்றி மட்டும் பேசாதீர்கள் என்று என்னிடம் கிசுகிசுப்பார்கள். அங்கே நான் நேராகக் கேட்கிறேன்: "செத்துப்போகலாம் என்ற எண்ணம் இப்போதும் இருக்கிறதா?" கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படுவதில்லை என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. நடக்காத ஒன்றைக் கேள்வியால் நினைவில் நுழைத்துவிடலாம். சாகும் விருப்பத்தை அப்படி நுழைக்க முடியாது. என் தொழிலில் இந்த வேறுபாட்டைவிட முக்கியமான அறிவு வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பலர் அந்தக் கேள்விக்குப் பிறகுதான் அழுகிறார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும் என்கிறது. இதைச் சொன்னால், போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று நடுங்கும் மனைவியோ மகனோ மூச்சுவிடுவதைப் பார்க்கலாம்.

பள்ளியில் "ஏன் படிக்க மாட்டேன் என்கிறாய்?" என்று கேட்கப்பட்டுக் கேட்கப்பட்டே வாய் அடைத்துப்போன பையன்கள் என்னிடம் அனுப்பப்படுகிறார்கள். "இந்தப் பத்தியை வாசிக்கும்போது என்ன ஆகிறது?" என்று கேட்டால், எழுத்து குழம்புகிறது, வரி தவறிவிடுகிறது என்று தெளிவாகவே சொல்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரும் கிடைக்க வழி உண்டு. சான்றிதழுக்காக ஒன்பதாம் வகுப்பு வரை காத்திருக்காமல் மூன்றாம் வகுப்பிலேயே யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கலாம்.

பெற்றோர் கூட்டங்களில் பேசி முடித்ததும், யாராவது ஒரு தாய் தயங்கித் தயங்கி அருகில் வந்து, தன் பிள்ளை ஏதோ சொன்னாள், எப்படி விசாரிப்பது என்று கேட்பார். நான் சொல்வது இதைத்தான்: பிள்ளை சொன்ன முதல் வாக்கியத்தை, அதே சொற்களில், தேதி போட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். "சொன்னது நல்லது, உன்மேல் தப்பில்லை" என்று சொல்லுங்கள். பக்கத்து வீட்டாரை அழைத்துத் திரும்பச் சொல்லவைக்காதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள். மீதிக் கேள்விகளைக் கேட்கப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள்.